ஏழாவது துண்டு

அந்தத் தகரப் பீப்பாய் இன்னும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருக்கிறது. முழங்கால் உயரம். சுற்றிலும் ஓட்டை. ஒரு கால் உடைந்து, கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. கொண்டுவந்தவர் என் மச்சான், வீட்டுக்காரியின் அண்ணன். நாங்கள் இருவரும் ஜோர்ஜ்டவுனிலிருந்து பாயான் லெப்பாஸுக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டினோம். கல்யாணம் செய்யாத மனுஷன். எங்களோடுதான் இருந்தார். நெஞ்சில் அறுவை முடிந்து வந்தபோது, பொரித்ததைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோழித் தோல் கூடாது, எண்ணெய் கூடாது, இனிப்புச் சோயாக் கிச்சாப் கூடாது. மறுபடி அடைத்தால் இன்னொரு தடவை அறுக்க முடியாதாம். அந்த வாரமே பின்சந்தில் யாரோ போட்டிருந்த பீப்பாயைத் தூக்கி வந்தார். "காத்து நல்லா ஏறும் மாப்ளே. இனிமே சுட்டுத் தின்னுக்கலாம் லா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கரி மூட்டுவார். தோலுரித்த கோழித் தொடைத் துண்டுகள். தயிர், எலுமிச்சை, பூண்டு, மிளகு, மஞ்சள் போட்டுக் காலையிலேயே ஊறவைத்தது. கரிமேல் வெள்ளைச் சாம்பல் படரும்வரை வலையை வைக்கமாட்டார். கருகினது உடம்புக்கு ஆகாது என்பார். எண்ணெய்க்குப் பதில், நசுக்கிய செராய்ப் புல் தண்டை எலுமிச்சைத் தண்ணீரில் முக்கித் தடவுவார். புல் வாசம் ஏறும். மூன்று பேருக்கு ஆறு துண்டு. முதல் வாரம் இறக்கியது ஐந்து. பூனை என்றோம். மறுவாரம் நான் பக்கத்திலேயே நின்றேன். பூனை வரவில்லை. அன்றும் ஐந்துதான். வலை மூலையில் ஈரத் தடம் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியே வேலிக்கு அந்தப்புறம் நின்று, கோழி குறைகிறதா என்று மலாயில் கேட்டார். பீப்பாய் அவருடையதாம். செத்துப்போன புருஷனுக்குப் போய்ச் சேர வருஷா வருஷம் அதில்தான் காகிதப் பணம் கொளுத்தினாராம். கால் உடைந்ததும் வீசிவிட்டார். அதில் எதைச் சுட்டாலும் தனக்கென்றுதான் புருஷன் நினைப்பார் என்றார். வீட்டுக்காரி பீப்பாயை அன்றைக்கே தூக்கிப் போடச் சொன்னாள். மச்சான் கேட்கவில்லை. "பசிச்சு வர்ற மனுஷன்தானே. ஒண்ணு கூட வெச்சா போச்சு."

அதிலிருந்து ஏழு வைப்போம், ஆறு இறக்குவோம். மச்சான் உடம்பு தேறியது. கொழுப்பு இறங்கியதாக டாக்டர் சொன்னார். "என் கொழுப்பையும் சேத்து அவரே தின்னுட்டாரு போல" என்று தங்கையைச் சீண்டுவார். அவளுக்குச் சிரிப்பு வராது.

ஒரு ஞாயிறு ஏழு வைத்தோம். ஏழும் இருந்தது. நான் இரண்டு தடவை எண்ணினேன். மச்சான் வலையையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.

"இன்னிக்கு அவரு சாப்பிட வரல மாப்ளே" என்றார்.

தங்கையிடம் தேத்தண்ணி கேட்டார். அவள் கொண்டுவந்தபோது உயிர் இல்லை. தலை பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்திருந்தது, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல.

இப்போது வீட்டில் நாங்கள் இருவர். பீப்பாயை வீசச் சொல்லி அவள் சொல்வதில்லை. வீசினால் எங்கள் நாள் வருவது எனக்கும் தெரியாமல் போய்விடும். ஆறு துண்டு வைக்கிறேன். நாலு இறக்குகிறேன்; ஒன்று அவருக்கு, ஒன்று மச்சானுக்கு. ஆறுக்கும் தோல் உரித்துவிடுகிறேன். மச்சானுக்கு இனி அது தேவையில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

எண்ணுவது நான்தான். அந்த நேரம் அவள் உள்ளே போய்விடுவாள். போன ஞாயிறு கரி அணைந்தபின் பீப்பாய்க் காலுக்குக் கல்லைச் சரிசெய்துவிட்டு எண்ணினேன். நாலு. கூப்பிட்டுச் சொன்னேன். வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.