கூடை முடையத் தெரியாத கூடைக்காரி

கடையில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: வலிப்பது கால், சம்பளம் சிரிப்புக்கு. 2004இல் கனடாவின் மொன்றியல் பழைய நகரத்துப் பரிசுப்பொருள் கடை ஒன்றில் நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று பெயர்கள்

ரூத், செரோக்கிப் பூர்வகுடிப் பெண். அமெரிக்காவின் தெற்கிலிருந்து கலியாணம் முடித்து வந்து, மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் குடியிருந்தாள். ஊரிலிருந்து அக்கா அனுப்பும் நாணலைக் கீறி, சாயம் தோய்த்து, இரட்டைச் சுவர்க் கூடை முடைவாள். இழை உள்ளே அடியில் தொடங்கி மேலேறி, விளிம்பில் மடங்கி, வெளிப்பக்கமாக இறங்கி அடியில் முடியும். மாதத்துக்கு இரண்டுதான் எங்கள் கடைக்கு விற்க வரும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: தன் பெயர், சொல்லிக்கொடுத்த தாயின் பெயர், தாய்க்குச் சொல்லிக்கொடுத்த சித்தியின் பெயர்.

முதலாளியம்மா அந்தச் சீட்டுகளைக் கழற்றிவிட்டு விலைச்சீட்டுக் கட்டச் சொன்னாள். "மூன்று பெயரை நின்று வாசிக்க யாருக்கு நேரம்?"

கண்ணாடியருகே

கோடையில் சுற்றுலாக் கூட்டம். வாசல் கண்ணாடியருகே இருந்து முடையும்படி ரூத்தைக் கேட்டார்கள். மாட்டேன் என்றாள். முதலாளியம்மா என்னைப் பார்த்தாள். மாநிறம், இடுப்புவரை பின்னல். பூர்வகுடிப் பெண்ணென்று காட்ட அதுவே போதுமாம். இறக்குமதிக் கூடை ஒன்றைப் பாதி பிரித்து என் மடியில் வைத்தாள்.

மன்னாரில் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு பனையோலைப் பெட்டிகூட இழைத்ததில்லை. அப்பா தபால் கந்தோரில் வேலை, நான் தட்டெழுத்துப் படித்தவள். மறுத்திருக்கலாம். ஆனால் என் கணவர் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். அவரைக் கூப்பிட எனக்குக் கடை தரும் வேலைக் கடிதம் வேண்டும். ஒரே இழையை உள்ளே விடுவதும் வெளியே இழுப்பதுமாக இருந்தேன். வேடிக்கை பார்த்த ஒரு சீமாட்டி உருகிப்போனாள்: "என்ன பொறுமை! உங்கள் இரத்தத்திலேயே இருக்கிறது."

அம்மா

மறுகிழமை ஒருவர் கேட்டார், யார் சொல்லிக்கொடுத்தது என்று. முதலாளியம்மா என் தோளருகே நின்றாள். "அம்மா" என்றேன்.

நிமிர்ந்தால், புதுக்கூடைகளோடு ரூத். விரல்களில் சாயக்கறை இன்னும் போகவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கொண்டுவந்ததையும், அலுமாரித் தட்டில் இருந்த தன் கூடையையும் எடுத்துக்கொண்டு, வாசலில் ஒரு கணம் நின்று என்னைக் கேட்டாள்: "அம்மாவின் பெயரையும் சொல்லேன்?"

கடிதம்

பிறகு அவள் வரவில்லை. அவளுடைய தட்டில் இறக்குமதிக் கூடைகள் ஏறின, கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போனார்கள்.

எனக்குக் கடிதம் கிடைத்தது. அதில் என் தொழில்: பாரம்பரியக் கூடை முடைபவர். எனக்கு வெட்கமாக இருந்தது. பொதி கட்டும் ஜெசியக்காவிடம் காட்டி, இதை விசாக் கந்தோரில் எப்படிக் கொடுப்பது என்றேன். அவ நிமிரவேயில்லை. "முத்திரை குத்தியிருக்குத்தானே பிள்ளை. பேசாமல் கொண்டுபோய்க் குடு. நீ இருக்காட்டி அந்தக் கதிரையில என்னைத்தான் இருத்தியிருப்பாள்."

கொடுத்தேன், என் கணவரும் வந்து சேர்ந்தார். ஒரு கூடையும் முடையத் தெரியாமலே, முடையத் தெரிந்தவளை வாசலால் அனுப்பிவிட்டுத்தான் என் குடும்பத்தைக் கூட்டினேன்.