மஞ்சள் டைகர் மாத்

பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் எங்களுக்கு லைனிங் துணிக்கடை. கடை போக என் கணவருக்கு இருக்கும் ஒரே பைத்தியம் டைகர் மாத். விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்காக அந்தக் காலத்தில் பிரிட்டனில் செய்த சின்ன விமானம் அது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள், கூரையில்லாத இரண்டு இருக்கைகள். "மரச்சட்டத்துல துணியப் போத்திப் பறந்திருக்கான் பாரு," என்பார். துணி வியாபாரிக்கு அது பிடிக்காமல் போகுமா?

போன வருடம் கடை மாடியில் சின்ன என்ஜின் வைத்துப் பறக்கிற அதன் மாதிரி ஒன்றைத் தானே செய்தார். இறக்கைக்குக் கடையிலிருந்த மெல்லிய பட்டுத்துணியை நான் வெட்டிக்கொடுத்தேன். வார்னிஷ் போல ஒன்றைப் பூசியதும் துணி சுருங்கி மேளத்தோலாக இறுகியது. மஞ்சள் அடித்தோம்.

அதற்கு ரிமோட் கிடையாது. இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் நீண்டு ஒரு கைப்பிடியில் முடியும். அதைப் பிடித்தபடி நடுவில் நிற்பவர், தன்னைச் சுற்றிப் பறக்கும் விமானத்தோடு தானும் சுற்ற வேண்டும். எரிபொருள் தீரும்வரை நிறுத்த முடியாது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிறு காலை அனுமதி வாங்கியிருந்தோம். அவர் கைப்பிடியோடு நடுவில் நிற்க, நான் விமானத்தைத் தரையில் பிடித்திருந்து கையை எடுத்தேன். ஜோராக எழும்பியது. சில சுற்றுகளிலேயே தலை கிறுகிறுத்து அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். விமானம் மூக்குக் குத்தி விழுந்தது. கீழிறக்கை ஒடிந்தது.

அவர் ஒடிந்ததை ஒட்டிச் சரிசெய்தாரே தவிர, பறக்கவிடும் பேச்சையே எடுக்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது நானே ஆரம்பித்தேன்.

"நான் பிடிக்கிறேங்க."

"உனக்கும் தலை சுத்தும்மா."

"சுத்தாது. காலேஜ்ல வட்டு எறிஞ்சவ நான். உடம்பச் சுழட்டிச் சுழட்டித்தான் எறியணும்."

சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "இத்தன வருஷத்துல சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியே."

அடுத்த ஞாயிறு எங்களை மைதானத்துக்கு ஆட்டோவில் கூட்டி வந்தவரும் வேடிக்கை பார்க்க இறங்கி நின்றார். "இன்னாக்கா, கம்பி கட்டிக்கீது, பறக்குமா?"

"பறக்கும்ப்பா," என்றேன்.

என்ஜின் உறும, கணவர் கையை எடுத்தார். சக்கரம் மண்ணில் கொஞ்சம் ஓடி மேலே எழும்பியதும் கம்பி என் தோளை வெடுக்கென்று இழுத்தது. அந்த இழுப்பை என் உடம்பு மறக்கவில்லை. கால்கள் தாமாகவே திரும்பின. மரங்களும் சுவரும் மங்கலாக ஓட, மஞ்சள் விமானம் மட்டும் கண்ணெதிரே தெளிவாக நின்றது.

"தலை சுத்துதா?" என்று கத்தினார்.

"இல்லங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொல்லித்தராத ஒன்றைச் செய்து பார்க்கும் துணிச்சலும் வந்தது. கைப்பிடியை மேல்நோக்கிச் சாய்த்து அப்படியே வைத்திருந்தேன். விமானம் செங்குத்தாக ஏறி, வயிறு வானம் பார்க்கக் கவிழ்ந்து, ஒரு முழுக் கரணம் அடித்துக் கீழே வந்து நேரானது. ஆட்டோக்காரர் விசிலடித்தார். பள்ளி வாட்ச்மேன் கைதட்டினார். இன்னொரு கரணம் அடித்தேன்.

எரிபொருள் தீர்ந்து என்ஜின் அடங்கியது. சத்தமில்லாமல் மிதந்து வந்து, மண்ணைத் தொட்டு, உருண்டு நின்றது. ஒரு கீறலில்லை.

கணவர் விமானத்தைத் தாண்டி என்னிடம் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

"இன்னொரு டேங்க் ஊத்தட்டுமா?"

"முழுசா ஊத்துங்க," என்றேன்.