பாலில் கலந்த லேகியம்

நான் அஞ்சாவது வரை படித்தவள். வெளியில் சொல்லக் கூச்சம்தான், ஆனாலும் எழுதுகிறேன்.

லாரி ஓட்டும் என் மகனுக்குத் தீராத முதுகுவலி. கிரிவலப் பாதையில் ஒரு சாமியார் லேகியம் கொடுத்தார். சொன்னால் சாப்பிடமாட்டான் என்று, அவனுக்குத் தெரியாமல் ஒரு மாதம் தினமும் பாலில் கலந்து கொடுத்தேன். வலி குறைந்தது. லேகியமும் தீர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து, வெளிநாட்டில் டிரைவர் வேலைக்காக அவனுக்கு மெடிக்கல் டெஸ்ட் எடுத்தார்கள். சிறுநீரில் கஞ்சா இருக்கிறது, வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

“பீடி கூட தொட்டதில்லம்மா, யாரும் நம்ப மாட்டேன்றாங்க” என்று அழுதான்.

“எந்த சாமியாரோட உக்காந்து ஊதினீங்க?” என்றாள் மருமகள். சாமியார் என்றதும் எனக்கு அந்த லேகியம் நினைவுக்கு வந்தது.

அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்த லேகிய டப்பாவை டாக்டரிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். “இதுல கஞ்சா இலை சேத்திருப்பாங்கம்மா. தினம் சாப்பிட்டா கொழுப்புல தங்கிடும். நிறுத்தி ஒரு மாசம் ஆனாலும் யூரின்ல காட்டும்.”

வீட்டில் இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். “சாமியார் லேகியம்னு முன்னாடியே சொல்லியிருந்தா மெடிக்கல தள்ளிப் போட்டிருப்பேனேம்மா” என்றான் மகன்.

இப்போது யார் மருந்து கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. பாலையும் அவன் கண்ணெதிரேதான் ஆற்றுகிறேன். ஆனாலும் குடிக்கும் முன் டம்ளருக்குள் ஒருமுறை பார்த்துக்கொள்கிறான்.