அறையில் இரண்டு முகம்

அறிமுகக் கணினிப் பாடத்தை வகுப்பில் குந்தியிருந்து படிக்க எனக்குப் பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. பிளேஸ்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குப் பின்னேர ஷிப்ட். கல்லூரி வகுப்பும் அதே நேரத்தில்தான். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். கீபோர்டு என்றால் என்ன, மவுஸ் என்றால் என்ன என்று பாலர் வகுப்புக்குச் சொல்வதுபோல ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கு ஒரு வழி இருந்தது. வீட்டிலிருந்தே ஒன்லைனில் ஒரு பரீட்சை எழுதிச் சித்தியடைந்தால், அந்தப் பாடத்துக்கான கிரெடிட்டைத் தந்துவிடுவார்கள். நேரே அடுத்த பாடத்துக்குப் போகலாம். தவறினால் வகுப்புக்குத்தான் போகவேண்டும். வகுப்புக்குப் போக ஷிப்ட் விடாது. ஆகவே தவறினால் என் பட்டப்படிப்பு அவ்வளவுதான்.

அந்தப் படிப்பில் என்னைச் சேர்த்துவிட்டவர் என் கணவர். அவருக்கும் கணினி வேலைதான். "உனக்கு மூளை இருக்கு, சோம்பல் அதைவிடக் கூட இருக்கு" என்று நையாண்டி பண்ணிப் பண்ணியே சேர்த்தார். கல்லூரியில் இடம் கிடைத்த கிழமை மாரடைப்பில் போய்விட்டார். ஒரு கையால் தந்ததை மறு கையால் பறித்த கதை.

அன்றிலிருந்து முன்னறைச் சுவரில் அவருடைய படம். மாலை, சட்டத்தைச் சுற்றி மினுங்கும் சின்னச் சின்ன மின்விளக்குகள். முதலாண்டுத் திவசம் முடியும்வரை அந்த விளக்கு அணையக்கூடாது என்பது மாமியின் சட்டம். மாமி எங்களோடுதான் இருக்கிறார். காலையில் தேத்தண்ணி முதலில் மகனின் படத்துக்கு, பிறகுதான் மருமகளுக்கு.

பரீட்சை அன்று மாமி என் மேசையை இழுத்துப் படத்துக்கு நேர் கீழே போட்டுவிட்டார்.

"இதிலை இருந்து எழுது பிள்ளை. அவன் பின்னாலை நிண்டு பாப்பான்."

"அறைக்குள்ளை ஒருத்தரும் இருக்கக்கூடாது மாமி."

"அவனென்ன பிறத்தியே? உன்ரை மனிசன்."

என் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

மடிக்கணினியின் கமராவைத் திறந்தேன். பரீட்சையைக் கண்காணிக்கும் மென்பொருள் என் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போட்டது. பிறகு என் தோளுக்கு மேலே இன்னொரு கட்டம், சிவப்பில். எங்கோ இருந்து கண்காணிப்பாளரான ஒரு பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் கேட்டது.

"உங்களுக்குப் பின்னால் நிற்பவரைத் தயவுசெய்து வெளியே போகச் சொல்லுங்கள்."

எனக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. பின்கழுத்தில் மூச்சுப் பட்டதுபோல இருந்தது. பயந்தேன், பயத்தைவிட ஆசைதான் கூட இருந்தது. திரும்பினேன். படம்தான்.

"அது என் கணவரின் படம்," என்றேன்.

"கண்கள் அசைகின்றனவே?"

"விளக்கு வெளிச்சம். அவர் இறந்துவிட்டார்."

பிறகு, "மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் சிஸ்டம் அதை ஆள் என்றுதான் எடுக்கிறது. விளக்கை அணைத்து முகத்தை மூடுங்கள். இல்லாவிட்டால் பரீட்சையைத் தொடங்க முடியாது," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தாயிற்று. சாம்பலைக் கரைத்தாயிற்று. கவுன்சிலில் இருந்து வங்கிவரை எல்லா இடத்திலும் அவர் பெயரை வெட்டியாயிற்று. காண்கிற சனமெல்லாம், போனவர் போய்விட்டார், இனி உன்னைப் பார் என்கிறது. அவர் இன்னும் இந்த அறையில் நிற்கிறார் என்று எனக்குச் சொன்னது இந்த மெஷின் ஒன்றுதான். அதற்கும் கண்ணைக் கட்டு என்கிறார்கள்.

விளக்கின் சுவிட்சை அணைத்தேன். சால்வையை எடுத்துக்கொண்டு கதிரையில் ஏறினேன். கடைசியாக இந்த முகத்தை மூடியது சவப்பெட்டியின் மூடி. அன்று என்னை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். இன்று என் கையாலேயே மூடினேன். "கொஞ்ச நேரம்தான், கோவிக்காதேங்கோ," என்றேன். மைக் திறந்திருந்தது. கண்காணிப்பாளர் பரீட்சையைத் தொடக்கிவிட்டார்.

கேள்விகள் சுகமானவைதான். நெட்வேர்க் பற்றிய ஒன்றில் மட்டும் தடக்கினேன். எதில் தடக்கினாலும் "இஞ்சேருங்கோ" என்று அவரிடம் திரும்பிக் கேட்டே பழகியவள் நான். திரும்பிவிட்டேன். திரையை மட்டும் பார்க்கும்படி எச்சரிக்கை வந்தது. சால்வை ஆடாமல் அசையாமல் தொங்கியது. அதற்குப் பின்னால் அவர் விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்பதாகவே எனக்குப் பட்டது. ஒருவாறு எழுதி முடித்தேன்.

அனுப்பப் போகும்போது ஒரு வாசகம் வந்தது. "பரீட்சை முடியும்வரை இந்த அறையில் நான் தனியாகவே இருந்தேன்." பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் சரி போட்டால்தான் விடைகள் போய்ச் சேரும். நேரம் குறைந்துகொண்டே வந்தது. இவ்வளவு கேள்விக்கும் விடை எழுதிய கை அந்தப் பெட்டிக்குப் போக மறுத்தது. செத்தவீட்டில் தலையில் அடித்துக் குழறினேனே தவிர, தனியாகிவிட்டேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏதும் பிரச்சினையா?" என்றது குரல்.

"இல்லை," என்று சரி போட்டேன். சித்தி என்று உடனே திரையில் வந்தது. சந்தோசம் வரவில்லை.

மடிக்கணினியை மூடிய சத்தம் கேட்டு மாமி கதவைத் திறந்தார். அவர் கண் நேரே சுவருக்குத்தான் போனது.

"என்ன வேலை பாத்தனீ பிள்ளை? ஏன் அவன்ரை முகத்தை மூடினனீ?"

பரீட்சை, கமரா எல்லாவற்றையும் விளக்கத்தான் வாயைத் திறந்தேன்.

"அவர் இல்லை மாமி," என்றுதான் வந்தது.

நானும் மாமியும் அதுவரை ஒருவருக்கொருவர் அதைச் சொன்னதில்லை. மாமி ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் வந்து என் பக்கத்தில் இருந்தார். அழவும் இல்லை. படத்து விளக்கைப் போட இரண்டு பேருமே எழும்பவில்லை.