பேசாத பெட்டி

வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நாற்காலி மேல் ஏறி, கையிலிருக்கும் அட்டைப்பெட்டியை அப்படியே கீழே விடுகிறாள். கீழ்வீட்டில் யாரோ "ஐயோ" என்கிறார்கள். இவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இறங்கி, பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டுகிறாள்.

"பேசுது," என்கிறாள். முகம் தொங்கிப்போகிறது.

கண்ணாடி விளக்கு செய்யும் கம்பெனியில் பெட்டி வடிவமைப்பது அவள் வேலை. உள்ளே விளக்கு அசைந்து சத்தம் வந்தால் பெட்டி பேசுகிறது என்று அர்த்தம். பேசினால் வழியில் உடையும். அலுவலகத்தில் அவள் 'டப்பா மேடம்'. பெட்டியைச் சொல்கிறார்களா, மட்டம் என்கிறார்களா என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் பிஸ்கட் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி, எங்கே பசை என்று பார்ப்பாள். "திங்கத்தான் குடுத்தேன், போஸ்ட்மார்ட்டம் பண்ண இல்ல," என்பாள் அண்ணி.

முன்பு அவளும் விளக்கைத் தெர்மாகோலில் பொதிந்து அனுப்பியவள்தான். ஒரு மழைநாளில் தெருவெல்லாம் தண்ணீர் தேங்க, சாக்கடை மூடியைத் தூக்கினால் அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கட்டி. விளக்கின் கழுத்துக்கென்று அவளே வரைந்த பள்ளம் அதில் அப்படியே இருந்தது. அவமானத்தில் அன்று சோறு இறங்கவில்லை. அதிலிருந்து பசையும் டேப்பும் பிளாஸ்டிக்கும் இல்லாமல் மடிப்பிலேயே நிற்கும் அட்டைப்பெட்டிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

அந்தப் பெட்டியோ வாயை மூடுவதாக இல்லை. காது கொடுத்துக் கேட்கத் தொந்தரவு என்று கழற்றிய வளையல்கள் நாளடைவில் கைப்பைக்குள்ளேயே தங்கிவிட்டன.

"கைய ஏன் இப்படி மொட்டையா வச்சிருக்க?" என்றார் கணவர்.

"அது பேச்ச நிறுத்தட்டும், போட்டுக்கறேன்."

"இந்த வீட்டுல வாயத் தொறக்காம இருக்க நான் ஒருத்தன் போதாதா?"

முதலாளியும் பொறுமை இழந்துவிட்டார். "நாளைக்கு நானே கீழ போட்டுப் பாக்கறேன். உடைஞ்சா பழையபடி தெர்மாகோல்தான். சும்மா இழுத்துக்கிட்டே போகாதீங்க."

அன்று மாலை பதற்றத்தில் ஒரு தப்புச் செய்தாள். மூடியில் செருகுகிற அட்டைத் துண்டுக்கு நாக்கு என்று பெயர். அதை வெளியே செருகாமல் உள்ளே மடித்துவிட்டாள். அது போய் விளக்கின் கழுத்தைக் கவ்விக்கொண்டது. ஆட்டினாள். சத்தமில்லை.

"நாக்க உள்ள இழுத்துக்கிட்டா பேச்சு தானா நிக்குது," என்றாள்.

"அத ஏன் என்னப் பாத்துச் சொல்ற?" என்றார் கணவர்.

மறுநாள் முதலாளி பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே விட்டார். எல்லோரும் பெட்டியைப் பார்க்க, இவள் ஜன்னலைப் பார்த்தாள். அவர் எடுத்து ஆட்டினார். காதில் வைத்து மறுபடியும் ஆட்டினார்.

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான் சார்," என்றாள்.

அவர் பெட்டியைத் திறந்து விளக்கை வெளியே எடுக்கும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கைப்பையிலிருந்து வளையல்களை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தாள்.