மைக் பிடித்த ரத்ததானம்

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, ஒரு செமஸ்டர் ஜெர்மனிக்குப் போய்ப் படிக்க வாய்ப்பு வந்தது. தொண்டு செய்த அனுபவம் வேண்டும் என்றார்கள். அதுவரை நான் செய்த தொண்டு, பாலக்கோடு பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தது மட்டும்தான். அதுவும் வெயில் அடிக்கிற பக்கம். எனவே ரத்ததானக் குழுவில் சேர்ந்தேன்.

பென்னாகரத்தில் முகாம். மைக் கைக்கு வந்ததும், "பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று முழங்கினேன். கேட்டவர்கள் நம்பி வரிசையில் நின்றார்கள். நர்ஸ் முதலில் என்னைப் படுக்கச் சொன்னார். ஊசியைப் பார்த்தது வரை ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது, வரிசையில் முன்னால் நின்ற அம்மா எங்கள் துண்டறிக்கையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"மைக்குல பேசுனது நீங்கதானுங்களே தம்பி?"

"ஆமாங்க."

"எறும்பு கடிச்சிருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க. பக்கத்துல வந்துச்சு, அவ்வளவுதான்."

வரிசையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அந்த அம்மா படுத்துக் கையை நீட்டிவிட்டார். பின்னால் நின்ற யாரும் கலையவில்லை.

ஜெர்மனிக்கான நேர்காணலில் முகாமில் என் பங்கு என்ன என்று கேட்டார்கள். நான் மயங்கி விழுந்ததில் மற்றவர்களுக்குப் பயம் போனது என்றேன். சிரித்துவிட்டு இடம் கொடுத்தார்கள்.

வீட்டில் இனிப்பு கொடுத்து முடிப்பதற்குள் பல்கலைக்கழகத்திலிருந்து போன். கிளம்பும் முன் ரத்தப் பரிசோதனை கட்டாயமாம்.

"ஒன்னும் இல்லீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார் பேசியவர்.

துணைக்கு, விசிறிவிட ஒரு அம்மாவைக் கூட்டிவரலாமா என்று கேட்டேன்.