சாவில்லாத வீட்டில் ஒப்பாரி

மன்னார் பட்டினத்தில் ஓவியர் ஒருவரும் அவருடைய மனைவியும் பழைய வீடொன்றைத் திருத்திக் கலைக்கூடம் நடத்துகிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஓவியங்களுக்கு நடுவே கதிரைகளைப் போட்டு, யாராவது பாடுவார்கள், யாராவது கதையோ கவிதையோ வாசிப்பார்கள். இடைவேளையில் பிளேன்டீயும் வாழைப்பழம் பிசைந்து பொரித்த வாய்ப்பனும் கிடைக்கும். நான் பக்கத்துக் கரையோர ஊரான பள்ளிமுனையில் முன்பள்ளி ஆசிரியை. முதலில் கேட்கத்தான் போனேன். பிறகு நான் எழுதிய சின்னக் கதைகளை அங்கே வாசிக்கத் தொடங்கினேன்.

எங்கள் கோவிலில் பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் பசான் படிப்போம். ஆண்டவர் பட்ட பாடுகளைப் புலம்பலாகப் பாடுவது அது. போன தபசில் ஓவியரின் மனைவி வந்து கடைசி வாங்கில் இருந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஐப்பசி பிறந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உங்கட குரல் இன்னும் என்ர காதில நிக்குது. இந்த மாதம் ஒப்பாரிக்கெண்டு ஒரு பின்னேரம் வைக்கப்போறம். பாடுவீங்களோ?"

"பசானோ அக்கா?"

"பசான் கோவிலுக்குரியது. செத்த வீட்டில உங்கட ஆக்கள் பாடுறது."

ஓம் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஸ்கூட்டியில் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், சாவில்லாத இடத்தில் ஒப்பாரி பாடினால் சாவு வரும் என்று எங்கள் ஊரில் சொல்வது ஞாபகம் வந்தது.

ஒப்பாரிக்கு எழுதிவைத்த பாட்டு கிடையாது. செத்த வீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, கிடக்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் சொல் வரும். தகப்பன் என்றால் தகப்பனுக்கு ஒரு சொல், பிள்ளை என்றால் பிள்ளைக்கு ஒரு சொல். கலைக்கூடத்தில் யாருடைய முகத்தைப் பார்ப்பது? அடுத்த நாள் குசினியில் நண்டு கழுவிக்கொண்டே மெல்ல இழுத்துப் பார்த்தேன். "என்ர ராசா" என்று வாயில் வந்ததும் கண் தானாக முற்றத்துக்குப் போனது. அங்கே என் கணவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். கையிலிருந்த நண்டைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

உள்ளே இருந்த மாமிக்கு, அவருடைய அம்மாவுக்கு, கேட்டுவிட்டது. குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்ன பாடுறாய்?"

கலைக்கூடத்து விசயத்தைச் சொன்னேன். மாமி கோபப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, இருபது வருசத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்தும் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"உன்ர மாமா கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லைத்தானே. அண்டைக்குக் காலம நான் அரிசி புடைச்சுக்கொண்டு சும்மா ஒரு ஒப்பாரி முணுமுணுத்தனான். முதல்நாள் ஒரு செத்த வீட்டுக்குப் போய் வந்தது, வாயில ஒட்டிக்கொண்டுது. இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. பாதருக்கும் சொன்னதில்லை."

பாடாதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போகாமல் நின்றிருப்பேன். கலைக்கூடத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். கணவரிடம் சொன்னபோது சிரித்தார். "அம்மாவுக்கு எல்லாத்துக்கும் பயம். நீ பாடு."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வானம் வடக்கே கறுத்துக் கிடந்தது. வாடைக் காற்று தொடங்குகிற காலம். கணவர் தன் தம்பியோடு நண்டு வலை போட வடகடலுக்கு வெளிக்கிட்டார்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு மட்டும் நில்லுங்கோவன்."

"ரெண்டு நாளாத் தொழில் இல்லை. இப்பத்தான் கடல் கொஞ்சம் விட்டிருக்கு. பொழுதுபட முன்னம் வந்திடுவன். நீ போய் வடிவாப் பாடு."

ஏன் நிற்கச் சொல்கிறேன் என்பதை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது.

கலைக்கூடம் நிறைந்திருந்தது. எனக்கு முன் ஒரு அக்கா கதை வாசித்தார். ஊர் முருங்கனுக்கு அங்கால் ஒரு கிராமம். அவருடைய குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து குடியேறியது. முதல் தடவையாக மைக் பிடிக்கிறார். தொடங்குவதற்கு முன் என் கையைப் பிடித்து, "டீச்சர், என் தமிழைக் கேட்டுச் சிரிச்சிருவாங்களோ?" என்று கேட்டார். அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது, என்னுடையதும். யாரும் சிரிக்கவில்லை. கதை நடுவில் போகும்போது காற்று வந்துவிட்டது. ஜன்னல் கதவுகள் அடித்தன. ஓவியர் ஓடி ஓடிப் பூட்டினார். அக்கா கடைசிப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது.

நிகழ்ச்சியை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தினால் நல்லது என்று உள்ளுக்குள் மன்றாடினேன். ஓவியரின் மனைவி இரண்டு பெரிய மெழுகுதிரிகளைக் கொண்டுவந்து, நான் இருக்கவேண்டிய கதிரைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தார். வெளிச்சத்துக்குத்தான் வைத்தார். எனக்குப் பெட்டியின் தலைமாட்டில் எரிகிற திரிகள்தான் தெரிந்தன.

கண்ணை மூடினால் முகம் வந்துவிடும் என்று திறந்தபடியே பாடினேன். முன்னால் இருந்தவர்களின் செருப்புகளைப் பார்த்தேன். முதல் இரண்டு அடிகள் யாருக்கும் இல்லாமல் வெறும் சத்தமாகப் போயின. மூன்றாவது அடியில் குரல் தன்பாட்டில் மேலே ஏறியது. ஒப்பாரி அப்படித்தான்; ஓர் இடத்துக்குப் பிறகு நாங்கள் அதைப் பாடுவதில்லை, அது எங்களை இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரம் காற்று முன்கதவைத் தள்ளித் திறந்தது. இரண்டு திரிகளும் சாய்ந்து எரிந்தன. செருப்புகளுக்கு நடுவே நிலத்தில் என் கணவர் கிடந்தார். தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

நிறுத்திவிட்டேன்.

ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒருவர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். நான் பாடி முடித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் எழும்பிப் பின்வாசலுக்குப் போய் அவருடைய போனுக்கு அடித்தேன். தொடர்பு இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொன்னது. கூடப் போன மைத்துனரின் போனுக்கும் அதே குரல்.

"டீச்சர், வீட்டுக்காரர் கடல்லயா?" பின்னால் முருங்கன் அக்கா நின்றார். தலையை ஆட்டினேன். "அப்ப வாங்க போவோம். இந்தக் காத்துல தனியா வண்டி ஓட்டிருவீங்களா?" ஸ்கூட்டியில் எனக்குப் பின்னால் ஏறி இருந்துகொண்டார். வழி நெடுக மணல் முகத்தில் அடித்தது. அவர் என் இடுப்பைப் பிடித்தபடியே வந்தார்.

கரையில் எல்லாப் படகுகளும் இழுத்து ஏற்றப்பட்டிருந்தன. எங்கள் படகு இருக்கும் இடம் வெறுமையாக இருந்தது. கண்டவர்கள் சொன்னார்கள்: காற்று எழும்ப முன்னமே அவர்களின் எஞ்சின் நின்றிருக்கிறது, பக்கத்தில் போய்க் கயிறு எறிவதற்குள் காற்று எழும்பி அலை பிரித்துவிட்டது. நேவிக்கு அறிவித்திருந்தார்கள். மாமி மணலில் செபமாலையோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் எழும்பினார்.

"பாடினியோ?"

"பாடினன் மாமி."

"முழுக்கவோ?"

"இல்லை. பாதியில நிப்பாட்டிப்போட்டன்."

மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இரு," என்றார். "வந்து செபமாலை சொல்லு."

இருந்தேன். அருள் நிறைந்த மரியே செபத்தை வாய் சொல்லிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் ஒப்பாரி நின்றது. நான் நிறுத்திய இடத்திலிருந்து அது மேலே போகப் பார்த்தது. வாயைத் திறந்தால் செபத்துக்குப் பதிலாக அது வந்துவிடுமோ என்று பயந்து ஒவ்வொரு சொல்லையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். முருங்கன் அக்கா எங்கள் வேதக்காரர் அல்ல. என்றாலும் எங்கள் பக்கத்தில் முழந்தாளிட்டு, எங்களோடு சேர்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

இருட்டிய பிறகு மேற்கே ஒரு வெளிச்சம் தெரிந்தது. தலைமன்னார்ப் பக்கத்துப் படகொன்று எங்கள் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. முதலில் மைத்துனர் குதித்தார். கணவர் இறங்காமல் படகின் முன்பக்கம் அணியத்தில் குந்தியிருந்தார். இடது கையைச் சாரத் துணியால் சுற்றியிருந்தார். கட்டி இழுக்கும்போது கயிற்றுக்கும் படகின் விளிம்புக்கும் நடுவில் விரல் அகப்பட்டுவிட்டது. நான் இடுப்பளவு தண்ணீருக்குள் போய் அவருடைய தலைமயிரைத்தான் முதலில் தொட்டேன். நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. வாய் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"விடு, ஒண்டுமில்லை," என்றார். "என்ன பார்வை இது?"

ஆஸ்பத்திரியில் மோதிர விரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். வாட்டுக்கு வெளியே நிற்கும்போது மாமி தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "பாதிப் பாட்டுக்குப் பாதி விரல்."

கணவருக்கு அதைக் கேட்டு எரிச்சல் வந்தது. "எஞ்சின் நிண்ட நேரம் இவ வீட்டில சீலை கட்டிக்கொண்டு நிண்டிருப்பா. பாட்டுக்கும் இதுக்கும் என்னம்மா?" அவர் சொன்னது சரிதான். எஞ்சின் நின்றது பாட்டுக்கு முன். ஆனால் விரல் போனது பாட்டுக்குப் பின். படுக்கையில் கிடந்து இதையே திரும்பத் திரும்ப யோசித்தேன்.

பயம் அதோடு முடியவில்லை. யாரோ கலைக்கூடத்தில் நான் பாடியதை போனில் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். மெழுகுதிரி, காற்று, நான் நிறுத்துவது, கைதட்டல் எல்லாம் அதில் இருந்தது. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள்: அந்த மௌனம் நெஞ்சை அறுக்குது அக்கா. எத்தனை வீடுகளில் அது ஒலிக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். சாவில்லாத வீடுகளில், சமைக்கும்போது, பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரத்தில். ஓவியரின் மனைவியிடம் அழுதேன். அவர் போட்டவரோடு கதைத்து எடுப்பித்தார். அதற்குள் அது பல கைகளுக்குப் போய்விட்டது. ஒரு காலை பக்கத்து வீட்டிலிருந்து என் குரல் எனக்கே கேட்டது. வேலிக்கு மேலால் கத்தினேன்: "நிப்பாட்டுங்கோ! உங்கட மனுசன் கடலில எல்லோ!" அந்த வீட்டு இளம் மனைவி பயந்துபோய்ப் போனை மணலில் போட்டுவிட்டார்.

முருங்கன் அக்கா அன்றைக்குப் பின்னேரம் என் கணவரின் கையைப் பற்றி விசாரிக்கப் போன் எடுத்தார். நான் ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எங்க ஆளுங்க வேலை செய்யிறப்பவே ஒப்பாரி பாடுவாங்க டீச்சர்," என்றார். "ஆனா சும்மா பாட மாட்டாங்க. செத்துப்போன ஒருத்தரை நெனச்சுக்கிட்டுத்தான் பாடுவாங்க. உங்களுக்கு அப்படி யாரும் இல்லையா?"

மாமி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். எனக்கு அப்போது தெரியாது.

இறந்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாளன்று சேமக்காலைக் கல்லறைகளுக்குப் போனோம். மற்றக் குடும்பங்கள் திரி கொளுத்திவிட்டுப் போகத் தொடங்கியிருந்தன. மாமாவுக்கு அங்கே ஒரு சிலுவை மட்டும் நட்டிருக்கிறது, அடியில் ஒன்றுமில்லை. கடல் அவரைத் திருப்பித் தரவே இல்லை. மாமி சிலுவைக்கு முன் மணலில் இருந்துகொண்டு என் சீலையைப் பிடித்து இழுத்தார்.

"மிச்சத்தை இஞ்ச பாடு. இந்த மனுசனுக்கு ஆரும் பாடேல்லை. உடம்பு வரேல்லை எண்டு நான் பாடேல்லை."

கணவர் பக்கத்தில் கட்டுப்போட்ட கையோடு நின்றார். அவரைப் பார்க்கக் கூடாது என்று சிலுவையையே பார்த்தேன். நிறுத்திய மூன்றாவது அடியிலிருந்து தொடங்கினேன். முகம் வந்தது; அது வீட்டு அலுமாரிக்கு மேல் படத்தில் இருக்கிற மாமாவின் முகம், மீசையோடு. நான்காவது அடியில் மாமியின் குரல் என் குரலுக்குக் கீழே வந்து சேர்ந்தது. அவர் பாடி நான் கேட்டதே இல்லை. எனக்கு வராத சொற்கள் அவருக்கு வந்தன. கடைசியில் நான் நின்றுவிட்டேன், அவர்தான் முடித்தார்.

கணவர் அடுத்த கிழமையே கடலுக்குப் போனார். அவர் வரும்வரை இப்போதும் என் காது கரைப் பக்கம்தான். கலைக்கூடத்தில் என்னிடம் ஒப்பாரி கேட்பதில்லை; கதைதான் வாசிக்கிறேன். போன மாதம் மாமியும் வரப்போகிறேன் என்று வெளிக்கிட்டார். கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். இரண்டு பெண்பிள்ளைகள் வயலின் எடுத்தபோது என் காதுக்குள் கேட்டார்: "இது ஆரும் செத்ததுக்குப் பாடுற பாட்டோ?"

"இல்லை மாமி. திருநாள் பாட்டு."

அடுத்து ஒருவர் கிடாரோடு வந்தார்.

"இது?"

"இது காதல் பாட்டு மாமி."

"அப்ப சரி," என்று சொல்லி, வாய்ப்பனை எடுத்துக் கடித்தார்.